உழவர் வீட்டிலிருந்து ஏர்ல் மாளிகை வரை: நார்ஃபோக் பேஸ்டன் குடும்பத்தின் வரலாறு

இங்கிலாந்தின் வரலாறு என்றதும் அரசர்களும், டியூக், ஏர்ல் முதலிய பட்டங்களைத் தாங்கிய பெரும்பிரபுக்களும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்நாட்டுக் கிராமங்களைப் பல நூற்றாண்டுகள் நடைமுறையில் நிர்வகித்து வந்தவர்கள், பிரபுக்களுக்குக் கீழும் உழவர்களுக்கு மேலுமாக நின்ற நிலவுடைமைக் குடும்பத்தினர் ஆவர். ‘ஜென்ட்ரி’ எனப்படும் இவ்வகுப்பினருக்குப் பிரபுக்கள் அவையில் பரம்பரை இடம் கிடையாது. சில ஊர்களின் நிலத்தைச் சொந்தமாகக் கொண்டு, தம் கையால் ஏர் பிடிக்காமல் குத்தகை வருவாயில் வாழ்ந்து, உள்ளூர் வழக்குகளை விசாரிப்பது, மாவட்டத்தின் ஷெரிஃபாகப் பணிபுரிவது, நாடாளுமன்றத்தின் கீழவைக்குச் செல்வது ஆகிய பொறுப்புகளை ஏற்று நடத்தியமையே இவர்களது அடையாளம். இத்தகைய குடும்பங்களில் பெரும்பாலானவை விட்டுச்சென்றவை நிலப் பத்திரங்களும் கல்லறைச் சிற்பங்களுமே. ஸ்டோனர், பிளம்டன் போன்ற ஒருசில குடும்பங்களின் கடிதங்கள் கிடைத்திருப்பினும், தன் அன்றாட வாழ்க்கையை மூன்று தலைமுறைக் காலத்துக்கு ஏறத்தாழ இடைவிடாமல் எழுத்தில் விட்டுச்சென்ற குடும்பம் என்ற பெருமை, கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துப் பேஸ்டன் குடும்பத்துக்கே உரியது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கடிதங்களும் ஆவணங்களும் இல்லாவிடில், அக்காலத்து ஆங்கிலேயர் எப்படிச் சண்டையிட்டனர், எப்படித் திருமணம் பேசினர், எதற்கு அஞ்சினர் என்பதைப் பற்றி அறியக்கூடியது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

குடும்பத்தின் பெயர் ஊரின் பெயரே. நார்ஃபோக்கின் வடகிழக்குக் கடற்கரையை ஒட்டிய பேஸ்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1419இல் இறந்த கிளமென்ட் பேஸ்டன்தான் நம்பத்தக்க சான்றுகளில் தென்படும் முதல் மூதாதை. இவரைப் பற்றிய விரிவான செய்தி, குடும்பத்தின் பகைவர் யாரோ அவரைத் தாழ்த்திக் காட்டுவதற்கென்று பிற்காலத்தில் எழுதிவைத்த ஒரு குறிப்பில் உள்ளது. கிளமென்ட் சொந்தமாக ஏர் ஓட்டிய எளிய உழவர் என்றும், சேணமில்லாத குதிரையில் தானிய மூட்டையைப் போட்டு அதன்மீது அமர்ந்து ஆலைக்குச் சென்று மாவுடன் திரும்பியவர் என்றும், நூறு அல்லது நூற்றிருபது ஏக்கர் நிலமும் ஒரு சிறு நீராலையும் வைத்திருந்தார் என்றும், அந்நிலத்திலும் பெரும்பகுதி பிறருக்குக் கட்டுப்பட்ட நிலம் என்றும், அவர் மனைவி சுதந்திரமற்ற குடியில் பிறந்தவர் என்றும் அக்குறிப்பு அடுக்கிச் செல்கிறது. சுதந்திரமற்ற குடி என்பது, நிலத்தோடு பிணைக்கப்பட்டு, நிலக்கிழாரின் இசைவின்றி ஊரைவிட்டு வெளியேறவோ மணம் செய்விக்கவோ உரிமையில்லாத மக்களைக் குறிக்கும். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு எழுதப்பட்ட அதே குறிப்பு, தன்னையறியாமலே கிளமென்ட்டின் பெருமைக்கும் சான்று பகர்கிறது: அவர் கடன் வாங்கித் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார், பின்னர் வழக்கறிஞராக இருந்த மைத்துனர் ஜெஃப்ரி சாமர்ட்டனின் உதவியால் அம்மகன் சட்டம் பயின்றான்.

அந்த மகனே 1378இல் பிறந்த வில்லியம் பேஸ்டன். வழக்கறிஞராகத் தொடங்கி 1429இல், நில வழக்குகள் பெருமளவில் விசாரிக்கப்பட்ட பொதுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாக உயர்ந்த இவரை நார்ஃபோக் மக்கள் ‘நல்ல நீதிபதி’ என்று வழங்கினர். 1420இல் ஹெர்ட்ஃபோர்டுஷையரைச் சேர்ந்த நிலவுடைமையாளர் ஒருவரின் மகள் ஆக்னஸ் பெர்ரியை மணந்தார். ஆங்கிலக் கவிஞர் சாஸரின் மகன் தாமஸ் சாஸரிடமிருந்து கிரஷாம் என்னும் மேனரை வாங்கினார். மேனர் என்பது வீடு, பண்ணை நிலம், குத்தகைக் குடிகள், அவர்கள்மீதான நீதி விசாரணை உரிமை ஆகிய அனைத்தும் ஒருசேர அமைந்த கிராம உடைமையாகும். 1444இல் வில்லியம் இறந்தபோது, உழவர் மகனான அவரது குடும்பம் நார்ஃபோக்கின் குறிப்பிடத்தக்க நிலவுடைமைக் குடும்பங்களுள் ஒன்றாகியிருந்தது. எனினும் வாங்கிய நிலத்தைத் தக்கவைப்பது வாங்குவதைவிடக் கடினம் என்பதை அவர் மகன் காலம் காட்டியது.

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறாம் ஹென்றியின் ஆட்சி வலுவிழந்திருந்தது. பின்னர் அரச வம்சத்தின் இரு கிளைகளான லங்காஸ்டர், யார்க் குடும்பங்களுக்கிடையே ரோஜாப் போர்கள் எனப்படும் உள்நாட்டுப் போர் மூண்டது. நீதிமன்றங்கள் இயங்கியபோதிலும் அவற்றின் தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை உள்ளூர்ப் பிரபுக்களின் கையிலேயே இருந்தமையால், பத்திரம் வைத்திருப்பவர் ஒருவராகவும் நிலத்தில் ஆயுதத்தோடு நிற்பவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கமாயிற்று. வில்லியத்தின் மூத்த மகன் முதலாம் ஜான் பேஸ்டன் கேம்பிரிட்ஜிலும் லண்டன் இன்னர் டெம்பிளிலும் பயின்ற சட்ட வல்லுநர். வழக்காடுவதற்காக ஆண்டின் பெரும்பகுதியை லண்டனில் கழித்தவர். ஆகவே நார்ஃபோக்கில் நிலத்தைக் காக்கும் பொறுப்பு அவர் மனைவி மார்கரெட்டின் தோளில் விழுந்தது. மாட்பி என்னும் ஊரின் நிலங்களுக்கு வாரிசாகப் பிறந்து, 1440ஆம் ஆண்டையொட்டி இக்குடும்பத்தில் மருமகளாகப் புகுந்த இப்பெண்மணியே பேஸ்டன் குடும்பத்தின் தலையாய மனிதர் என்பது, கடிதங்களைப் படிக்கும் எவருக்கும் தோன்றக்கூடிய முடிவாகும்.

1448இல் மோலின்ஸ் பிரபு ராபர்ட் ஹங்கர்ஃபோர்டு, கிரஷாம் மேனர் தமக்கே உரியது எனக் கூறி அதைக் கைப்பற்றினார். அருகில் தங்கி உரிமையை நிலைநாட்ட முயன்ற மார்கரெட் அவ்வாண்டில் கணவருக்கு எழுதிய கடிதம் ஆங்கிலக் கடித இலக்கியத்தில் புகழ்பெற்றது. விசையால் நாணேற்றும் குறுக்குவில்களும், நாணை இழுத்துப் பூட்டும் பொறிகளும், அவற்றுக்குரிய குட்டை அம்புகளும் வாங்கி அனுப்புமாறு அதில் கேட்கிறார். வீடுகள் மிகத் தாழ்வாக இருப்பதால் உள்ளிருந்து நீளவில்லை எய்ய இயலாது என்று காரணமும் சொல்கிறார். எதிரிகள் கதவுகளுக்குக் குறுக்குத் தாழிட்டுச் சுவர்களில் சுடுவதற்குத் துளையிட்டிருப்பதையும் தெரிவிக்கிறார். அதே கடிதத்தில் அதே தொனியில் ஒரு பவுண்டு பாதாமும் ஒரு பவுண்டு சர்க்கரையும் குழந்தைகளின் அங்கிகளுக்கு முரட்டுக் கம்பளித் துணியும் வாங்கிவரச் சொல்கிறார். போருக்கான பட்டியலும் மளிகைப் பட்டியலும் ஒரே தாளில் இடம்பெறும் இக்கடிதத்தில் அச்சமோ புலம்பலோ சிறிதும் இல்லை. பிறகு மேனரைப் பேஸ்டன்கள் மீண்டும் பிடித்தபோது, 1450 ஜனவரி 28ஆம் நாள் மோலின்ஸின் ஆட்கள் ஆயுதங்களோடு வந்து, மார்கரெட் இருந்த அறையின் சுவர்களை அடியில் தோண்டிச் சாய்த்து, அவரை வெளியே தூக்கிச் சென்று வீட்டைச் சூறையாடினர். வந்தவர்கள் ஆயிரம் பேர் என்று ஜான் அளித்த மனு கூறுகிறது. எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாமே தவிர, நிகழ்ச்சி மெய்யானது. கிரஷாம் அடுத்த ஆண்டில்தான் குடும்பத்தின் கைக்குத் திரும்பியது.

இதைவிடப் பெரிய போராட்டம், பெரிய பேறு ஒன்றின் விளைவாக வந்தது. பிரெஞ்சுப் போர்களில் பொருளீட்டித் திரும்பிய சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்னும் வீரர், யார்மவுத் நகருக்கு அருகே கேய்ஸ்டர் என்னுமிடத்தில் செங்கல்லால் ஒரு கோட்டை கட்டி வாழ்ந்தார்; ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் படைத்த ஃபால்ஸ்டாஃப் என்னும் பாத்திரம் பெயர் பெற்றது இவரிடமிருந்தே. பிள்ளையில்லாத ஃபாஸ்டால்ஃபின் சட்ட ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றியவர் ஜான் பேஸ்டன். 1459 நவம்பர் 5ஆம் நாள் ஃபாஸ்டால்ஃப் இறந்தபோது, அதற்கு இரண்டு நாள் முன்னர் அவர் வாய்மொழியாக உரைத்ததாகக் கூறப்பட்ட ஓர் உயில், 4,000 மார்க் பணத்தைச் செலுத்தி, கேய்ஸ்டரில் குருமார்களுக்கான மடம் ஒன்றை நிறுவவேண்டும் என்ற நிபந்தனையோடு, நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களிலிருந்த அவரது நிலங்கள் முழுவதையும் ஜானுக்கு அளித்தது. மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்புடைய கணக்கு அலகாகும். இவ்வுயில் உண்மையானதா என்ற ஐயத்தை உயிலை நடைமுறைப்படுத்தும் பொறுப்பிலிருந்த பிற நிறைவேற்றாளர்கள் அப்போதே எழுப்பினர்; வரலாற்றறிஞர்களிடையே அது இன்னும் ஓயவில்லை. இறப்பவரின் படுக்கையருகே இருந்த வழக்கறிஞரே முதன்மைப் பயனாளியாகும் உயிலை ஐயுறுவது நியாயமே என்பதை, இக்குடும்பத்தின்பால் பரிவு கொண்டவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் பயனாக ஜானுக்கு வாழ்நாள் முழுவதும் வழக்கே மிஞ்சியது. மும்முறை லண்டன் ஃபிளீட் சிறையில் அடைக்கப்பட்டார். 1465 அக்டோபரில் சஃபோக் டியூக்கின் ஆட்கள், ஃபாஸ்டால்ஃபின் உடைமையாயிருந்து பேஸ்டன்களுக்கு வந்த ஹெல்ஸ்டன் மாளிகையை இடித்துத் தள்ளி, அங்கிருந்த தேவாலயத்தையும் கொள்ளையிட்டனர். அதே வேளையில் பேஸ்டன்கள் சுதந்திரமற்ற குடியின் வழிவந்தவர்கள் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. அது நிறுவப்பட்டிருந்தால் அவர்களது நில உரிமைகள் அனைத்துமே ஆட்டம் கண்டிருக்கும். 1466 மே மாதம் ஜான் லண்டனில் இறந்தார்; அவர் உடலை நார்ஃபோக்குக்குக் கொண்டுவந்து புரோம்ஹோம் மடத்தில் பெருஞ்செலவில் அடக்கம் செய்தனர். அச்செலவுக் கணக்கு இன்றும் உள்ளது. இறுதிச் சடங்கின்போது தீவட்டிகளின் புகை வெளியேறுவதற்காக மடாலயச் சன்னலின் கண்ணாடிகளைக் கழற்றி மறுபடி பொருத்திய தொழிலாளிக்குத் தந்த கூலிகூட அதில் பதிவாகியிருக்கிறது. சில வாரங்களில் நான்காம் எட்வர்ட் அரசர், குடும்பத்தார் காட்டிய ஆவணங்களை ஏற்று, பேஸ்டன்கள் நார்மானியர் படையெடுப்புக் காலம் தொட்டே மேன்மக்கள் என்று அறிவித்தார். அந்த வம்சாவளியில் உண்மை மிகக் குறைவு. கிளமென்ட்டின் ஏரே உண்மை. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த உழவரை மறைத்து, இல்லாத நார்மானிய முன்னோரைக் காட்டவேண்டிய கட்டாயத்துக்கு அந்தச் சமூகம் இக்குடும்பத்தை உள்ளாக்கியது வருந்தத்தக்கது.

ஜானுக்கும் மார்கரெட்டுக்கும் பிறந்த மூத்த மகன்கள் இருவருக்குமே ஜான் என்பதுதான் பெயர் என்பதால், வரலாற்று நூல்கள் அவர்களை இரண்டாம் ஜான் என்றும் மூன்றாம் ஜான் என்றும் குறிக்கின்றன. 1463இல் நைட் பட்டம் பெற்ற மூத்தவர் அரசவையிலும் வீர விளையாட்டுகளிலும் நாட்டமுடையவர், புத்தகப் பிரியர். எபஷம் என்னும் எழுத்தரைக் கொண்டு அவர் படியெடுப்பித்த பெருநூல் ஒன்று இன்றும் உள்ளது. அவரது புத்தகப் பட்டியலில் இங்கிலாந்தில் அப்போதுதான் அறிமுகமாகியிருந்த அச்சு நூலும் இடம்பெறுகிறது. நிலத்தைக் கவனிக்காமல் பணம் கேட்டு எழுதும் இம்மகனுக்குத் தாய் எழுதிய கண்டிப்பான கடிதங்கள் பல. இளையவரோ ஊரிலிருந்து பாடுபட்டவர். 1469 ஆகஸ்டில் நார்ஃபோக் டியூக் சுமார் 3,000 பேர் கொண்ட படையோடு கேய்ஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது, முப்பதுக்கும் குறைவான ஆட்களுடன் ஐந்து வாரம் அதைக் காத்து நின்றவர் இந்த மூன்றாம் ஜானே. உள்ளே உணவும் வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருப்பதையும், கோட்டையின் சுவர்கள் பீரங்கிகளால் உடைந்திருப்பதையும், துணையாட்களில் இருவர் இறந்ததாகத் தாம் கேள்விப்பட்டதையும் மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதி, தம்பிக்கு உதவி அனுப்பாவிடில் அது வாழ்நாள் முழுதும் அவமானமாகும் என்று இடித்துரைக்கிறார். உதவி வரவில்லை, செப்டம்பர் இறுதியில் கோட்டை பணிந்தது.

கோட்டை வீழ்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில் வீட்டுக்குள்ளும் ஒரு போராட்டம் நடந்தது. மகள் மார்ஜரி, குடும்பத்தின் காரியஸ்தரான ரிச்சர்ட் கால் என்பவருக்கு இரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தாள். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் மணப்பதாக நிகழ்காலத்தில் வாக்குரைத்துவிட்டால், சாட்சியும் குருவும் இல்லாவிட்டாலும், அது செல்லுபடியாகும் திருமணம் என்பதே அக்காலத் திருச்சபைச் சட்டம். நாரிச் நகரின் ஆயர் மார்ஜரியை அழைத்து, உறவினரும் நண்பரும் கைவிடுவர் என்று எச்சரித்து, அவள் காலிடம் சொன்ன சொற்களை அப்படியே கூறச் சொன்னார். அவள் அவற்றைத் தயங்காமல் கூறியதோடு, அவை போதாவிட்டால் அங்கேயே இன்னும் உறுதியாக்கத் தயார் என்றும் சொன்னாள். அன்றே மார்கரெட் தம் வீட்டுக் கதவை மகளுக்கு அடைத்துவிட்டார். தங்கை ஃப்ராம்லிங்கம் ஊரில் மெழுகுவத்தியும் கடுகும் விற்பதற்குத் தாம் ஒருபோதும் இசையப்போவதில்லை என்று மூன்றாம் ஜான் எழுதினார். கால் குடும்பத்தார் அவ்வூர்க் கடைக்காரர்கள். ஏர் பிடித்தவரின் கொள்ளுப்பேத்தி கடைக்காரர் மகனை மணப்பதை இழிவென்று கருதிய இம்மனநிலை, புதிதாக உயர்ந்தவர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது. பிடிமானம் உறுதியாக இல்லாத குடும்பத்துக்கு ஒவ்வொரு திருமணமும் நிலம் சார்ந்த உடன்படிக்கையாகவே தோன்றியிருக்கும். ஆயினும் மார்ஜரியின் துணிவைப் போற்றாமலிருக்க இயலாது. கால் அவளுக்கு எழுதிய கடிதமொன்று எஞ்சியுள்ளது. யாருக்கும் காட்டாமல் படித்தவுடன் எரித்துவிடு என்று அதில் அவர் கேட்டிருந்தும் அது எப்படியோ எரியாமல் தப்பியது. திருமணம் செல்லுபடியானது, காலின் கணக்கறிவும் நில அறிவும் இன்றியமையாதவையாக இருந்தமையால் அவர் பணியிலும் தொடர்ந்தார். மார்கரெட் தமது உயிலில் மார்ஜரியின் மகன் ஜான் காலுக்கு 20 பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்.

அதற்கு முந்திய தலைமுறையில் முதலாம் ஜானின் தங்கை எலிசபெத் பட்ட துன்பம் இதைவிடக் கொடிது. நோயால் முகம் சிதைந்த, ஏறத்தாழ ஐம்பது வயதுடைய, மனைவியை இழந்த ஸ்டீபன் ஸ்குரோப் என்பவரை மணக்க மறுத்ததற்காகத் தாய் ஆக்னஸ் அவளை வாரத்துக்கு ஓரிரு முறையும், சில நாட்களில் இரு முறையும் அடித்ததையும், தலையில் இரண்டு மூன்று இடங்களில் காயம்பட்டதையும் உறவுப் பெண் ஒருவர் ஜானுக்கு இரகசியமாக எழுதித் தெரிவித்தார். அந்தத் திருமணம் நடைபெறவில்லை.

இக்கடிதங்களில் மகிழ்ச்சிக்கும் இடமுண்டு. 1477 பிப்ரவரியில் மார்ஜரி புரூஸ் என்னும் இளம்பெண், தன்னை மணக்கவிருந்த மூன்றாம் ஜானைத் தன் வாலன்டைன் என்று விளித்து எழுதிய மடல், ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய வாலன்டைன் கடிதமாகக் கருதப்படுகிறது. தந்தை தரும் சீர்ப்பணம் குறைவென்று பேச்சுவார்த்தை முறியும் நிலையில் இருந்தபோது, தாய் தந்தையை எவ்வளவோ வற்புறுத்தியும் தொகை உயரவில்லை என்றும், உண்மையான அன்பிருந்தால் அதற்காகத் தன்னைக் கைவிடமாட்டார் என்று நம்புவதாகவும் அவள் எழுதினாள். அவ்வாண்டிலேயே திருமணம் நடந்தது.

1471இல் ரோஜாப் போர்களின் பார்னெட் போர்க்களத்தில் சகோதரர் இருவரும் தோற்ற லங்காஸ்டர் தரப்பில் போரிட்டு, மூன்றாம் ஜான் வலக்கையில் அம்பு பட்டு, பின்னர் மன்னிப்புப் பெற்று மீண்டதும், 1476 ஜனவரியில் நார்ஃபோக் டியூக் திடீரென இறந்த பின்னரே கேய்ஸ்டர் திரும்பக் கிடைத்ததும் தனிக்கதை. ஃபாஸ்டால்ஃப் விரும்பிய மடம் கேய்ஸ்டரில் எழவேயில்லை. உடன்பாட்டின்படி அதற்குரிய சொத்தில் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டின் மாடலின் கல்லூரிக்குச் சென்றது. 1479இல் பாட்டி ஆக்னஸ், ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெற்றுச் சில வாரங்களே ஆன பேரன் வால்டர், மணமாகாமலே இருந்த இரண்டாம் ஜான் ஆகிய மூவரையும் குடும்பம் ஒரே ஆண்டில் இழந்தது. அது கொள்ளைநோய் பரவிய ஆண்டு. எனவே குடும்பத் தலைமை மூன்றாம் ஜானுக்கு வந்தது. 1484இல் மார்கரெட் இறந்து தம் பிறந்தகத்து ஊரான மாட்பியில் அடக்கம் செய்யப்பட்டார். டியூடர் ஆட்சி தொடங்கிய 1485இல் மூன்றாம் ஜான் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் ஷெரிஃபாகி, 1487இல் ஸ்டோக் போரில் நைட் பட்டம் பெற்றார். பேஸ்டன்களின் சமூக நிலை அதன்பின் யாராலும் கேள்விக்குள்ளாக்கப்படவில்லை.

பாதுகாப்புக் கிடைத்தபின் கடிதங்கள் அருகுகின்றன, சாதனைகள் பலதிசைப்படுகின்றன. மூன்றாம் ஜானின் பேத்தி எலினர், முதலாம் ரட்லண்ட் ஏர்லின் மனைவியானார். பேரன் கிளமென்ட் எட்டாம் ஹென்றியின் கடற்படையில் கப்பல் தலைவராக ஒரு பிரெஞ்சுப் போர்க்கலத்தைக் கைப்பற்றிப் புகழடைந்து, பின்னர் ஆக்ஸ்னெட் என்னுமிடத்தில் மாளிகை எழுப்பினார். இவருடைய அண்ணன் மகன் சர் வில்லியம் பேஸ்டன் 1606இல் நார்த் வால்ஷம் நகரில் ஓர் இலக்கணப் பள்ளியை, அதாவது இலத்தீன் கற்பிக்கும் இடைநிலைப் பள்ளியை, நிறுவினார். பிற்காலத்தில் டிரஃபால்கர் கடற்போரில் வென்ற ஹொரேஷியோ நெல்சன் 1771இல் கடற்பணியில் சேருமுன் பயின்றது இங்கேதான். மற்றொரு கிளையைச் சேர்ந்த எட்வர்ட் பேஸ்டன் (1550–1630), கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அம்மதத்தைக் கைவிடாமல் நார்ஃபோக்கில் ஒதுங்கி வாழ்ந்து, வில்லியம் பேர்ட் முதலிய இசையமைப்பாளர்களின் படைப்புகளை ஏராளமாகப் படியெடுப்பித்துச் சேகரித்தார். பேர்டின் சில பாடல்கள் இன்று கிடைப்பதற்கு அவரது ஏடுகளே காரணம். வேறொரு கிளையின் பிரிஜிட் பேஸ்டன் 1582இல் மணந்த இளம் வழக்கறிஞரான எட்வர்ட் கோக், பின்னாளில் அரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று வாதாடி, 1628ஆம் ஆண்டின் உரிமை மனுவை முன்னின்று இயற்றியவர். அவரது வாழ்வின் தொடக்கத்தில் பிரிஜிட் கொண்டுவந்த பெருஞ்செல்வம் உறுதுணையாக அமைந்தது.

17ஆம் நூற்றாண்டில் குடும்பம் ஆடம்பரத்தின் உச்சிக்கு ஏறியது. சர் வில்லியம் பேஸ்டன் (1610–1663) எகிப்து, ஜெருசலேம் வரை பயணம் செய்து அரும்பொருள்களைத் திரட்டி ஆக்ஸ்னெட்டை நிரப்பினார். 1663ஆம் ஆண்டையொட்டிப் பெயர் தெரியாத டச்சு ஓவியர் ஒருவர் தீட்டிய ‘பேஸ்டன் புதையல்’ என்னும் ஓவியம், நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது. வெள்ளியில் பொதிந்த சங்குக் கிண்ணங்கள், சிவந்த கடல்நண்டு, கிளி, இசைக்கருவிகள், பூகோளம், மணற்கடிகாரம், அணையும் மெழுகுவத்தி, பாட்டுத்தாள் ஏந்திய சிறுமி, தோளில் குரங்கோடு நிற்கும் கறுப்பின இளைஞன் என அதில் செல்வமும் அதன் நிலையாமையும் ஒருங்கே காட்டப்படுகின்றன. அந்த இளைஞன் யாரென்பது அடையாளம் காணப்படவில்லை. பொருள்களோடு பொருளாக அவனை நிறுத்திய அக்காலத்தின் கொடுமை ஓவியத்தின் அழகோடு சேர்த்தே பார்க்கப்படவேண்டியது. அந்நூற்றாண்டில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றதற்காக நாடாளுமன்றம் விதித்த தண்டங்கள் ஏற்கெனவே குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தியிருந்தன. முன்னோர் இரத்தம் சிந்திக் காத்த கேய்ஸ்டர் 1659இல் விற்கப்பட்டது.

சர் வில்லியத்தின் மகன் ராபர்ட், ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர். இரசவாதத்தில், அதாவது மலிவான உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சியில், நண்பர்களோடு நெடுநாள் ஈடுபட்டவர். 1664இல் டச்சுப் போருக்காக இரண்டாம் சார்லஸ் அரசருக்கு 25 இலட்சம் பவுண்டு வழங்கவேண்டும் என்று கீழவையில் முன்மொழிந்து அரசரின் பரிவைப் பெற்ற இவர், 1679இல் யார்மவுத் ஏர்ல் ஆனார். ஜென்ட்ரி வகுப்பிலிருந்து குடும்பம் பிரபு வகுப்புக்கு ஏறியது இவ்வாறுதான். ஆனால் அரசவை வாழ்க்கையின் செலவு வருவாயை விழுங்கியது. அடுத்த ஏர்ல் வில்லியம், சார்லஸ் அரசரின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகளை மணந்தவர். ஆண் வாரிசுகளைத் தமக்கு முன்னரே இழந்து, தீராக் கடனோடு 1732இல் இறந்தார். பட்டம் அவரோடு அற்றது. ஆக்ஸ்னெட் கடற்படைத் தளபதி ஆன்சனுக்கு விற்கப்பட்டு, மாளிகையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது.

கடிதங்கள் தப்பியது தற்செயலே. கடைசி ஏர்ல் உயிரோடிருந்தபோதே ஒரு பகுதியைப் பழம்பொருள் ஆய்வாளர் பீட்டர் லெ நெவ் பெற்றிருந்தார். அவருக்குப்பின் தாமஸ் மார்ட்டினிடமும், பிறகு ஒரு மருந்து வணிகரிடமும் கைமாறி, 1774இல் ஜான் ஃபென் என்பவரை அவை அடைந்தன. 1787இல் ஃபென் வெளியிட்ட முதல் இரு தொகுதிகள் மிக விரைவாக விற்றுத் தீர்ந்தன. மூல ஏடுகளை மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு அவர் அளிக்க, அவை எப்படியோ காணாமற்போயின. பிற மூலங்களும் கிடைக்காத நிலையில், 1865இல் ஹெர்மன் மெரிவேல் இவை போலியாக இருக்கலாம் என்றே எழுதினார். அவ்வாண்டிலேயே ஒரு பகுதியும், 1875இல் நார்ஃபோக்கின் ராய்டன் ஹாலில் இன்னொரு பகுதியும், 1889இல் சஃபோக்கின் ஆர்வெல் பார்க் மாளிகையில் அரசருக்கு அளிக்கப்பட்ட ஏடுகளும் அடுத்தடுத்துக் கண்டெடுக்கப்பட்டபின் ஐயம் அகன்றது.

அவற்றில் பெரும்பாலானவை இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. தொகுப்பில் ஒரே மனிதரிடமிருந்து வந்த கடிதங்களில் மிகுதியானவை, நூற்றுக்கும் மேற்பட்டவை, மார்கரெட்டினுடையவை. அவை இருபதுக்கும் மேற்பட்டோரின் கையெழுத்தில் அமைந்திருப்பதால், அவருக்கு எழுதத் தெரியாது என்றும், வாய்மொழியாகவே சொல்லி எழுதுவித்தார் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறு எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர், அவர் மருமகனாக ஏற்க மறுத்த ரிச்சர்ட் கால். ஏர்ல் பட்டம் நீடித்தது 53 ஆண்டுகளே; இக்குடும்பத்தை இன்றும் நினைவில் நிறுத்துபவை இக்கடிதங்களே. ஆகவே பேஸ்டன்களை அறிய விரும்பும் வாசகர், தற்கால எழுத்துமுறைக்கு மாற்றிய பதிப்பு ஒன்றைத் தேர்ந்து, 1448ஆம் ஆண்டு மார்கரெட் கணவருக்கு எழுதியதிலிருந்து தொடங்குவது நல்லது.